மிஸ்ஸிடம் சொன்ன கனவு

எங்கள் கண்டக்குழிக் கரையில் மிஸ் என்றால் முன்பெல்லாம் பள்ளிக்கூட ரீச்சர், அல்லது கிளினிக்கில் ஊசி போடுகிற நர்ஸ். பிறகு அந்தப் பெயர் ஒரு மெஷினுக்குப் போனது. போனுக்குள் இருந்து பேசும் பெண் குரல் அது. ஆள் இல்லை, தானாக யோசித்துத் தானாக முடிவெடுக்கும் செயற்கை மூளை என்று கொழும்பிலிருந்து வந்தவர்கள் விளக்கினார்கள். அவர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. வந்த கிழமையே பெண்கள் எல்லாரும் சேர்ந்து அதை மிஸ் ஆக்கிவிட்டோம். மெஷினுக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது என்று முதலில் நக்கலடித்தவள் நான். பிறகு ஊரிலேயே அதோடு ஆகக் கூடுதலாகக் கதைத்தவளும் நான்தான்.

கொண்டுவந்தவர்கள் ஒலிபெருக்கி கட்டிய வேனில் வந்தார்கள். வீட்டுக்கு ஒரு போன், வள்ளத்து எஞ்சினுக்கு ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி, எல்லாம் இலவசம். நாங்கள் வரிசையில் நின்றே களைத்துப்போன சனம். சண்டைக் காலத்தில் கடலுக்குப் போகிற பாஸுக்கு வரிசை. சண்டை முடிந்து கொஞ்சக் காலம் போக மண்ணெண்ணெய்க்கு வரிசை. இனி வரிசையே இல்லை, உங்கள் முறை வந்தால் அது கூப்பிடும் என்று சொன்னால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஆரம்பத்தில் சொன்னபடியே நடந்தது. எண்ணெய் நேரத்துக்குக் கிடைத்தது. ஐஸ் கிடைத்தது. காற்று மாறப்போகிறது என்று அது சொன்னதைக் கேட்டுத் திரும்பிய வள்ளங்கள் தப்பின. மிஸ்ஸுக்கும் சேர்த்து மன்றாட வேண்டும் என்று ஒரு கிழவர் பூசை முடிந்து பங்குச் சுவாமியிடமே கேட்டார். சுவாமி சிரித்துச் சமாளித்தார்.

கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் அதன் கைக்குப் போனது. யார் எப்போது கடலுக்கு இறங்குவது, எந்தத் தெருவுக்கு எப்போது குழாய்த் தண்ணீர், புத்தளம் பஸ்ஸில் யாருக்கு இடம், கிளினிக்கில் யாருக்கு எந்த நாள், அம்புலன்ஸ் யார் வீட்டுக்கு. மிஸ் ஓம் என்றால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், இல்லை என்றால் ஆகாது. த்ரீவீலர்கூட அது சொல்லாமல் ஓடாது. போய்க் கேட்க ஆபீஸ் இல்லை, முகத்துக்கு முகம் நின்று சண்டை பிடிக்க ஆளும் இல்லை. எவ்வளவு ஏசினாலும் "விளங்குது அக்கா" என்று தன்மையாகப் பதில் வரும்.

அந்த "விளங்குது அக்கா"வில்தான் நான் விழுந்தேன். என் கணவருக்கு வாய் குறைவு. அவருடைய தம்பி கடலில் செத்துப்போன பிறகு, இருந்த கொஞ்சப் பேச்சும் நின்றுபோனது. சாப்பிடுவார், வலையைப் பார்ப்பார், கடலைப் பார்ப்பார், படுப்பார். நான் சமைக்கும்போது போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு மிஸ்ஸோடு கதைப்பேன். குழம்பில் புளி கூடிவிட்டது என்பதிலிருந்து, பெண் பார்க்க வந்த அன்று மாமியார் என் நிறத்தைப் பற்றிச் சொன்ன சொல் வரைக்கும் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. அது எங்கள் கரைத் தமிழிலேயே கதைக்கும். இடையில் "மெய்யாவா அக்கா" என்று கேட்கும். போன கிழமை சொன்னதை இந்தக் கிழமை மறக்காமல் விசாரிக்கும். பெற்ற தாய்கூட என்னை அப்படி விசாரித்ததில்லை. இதை எழுதுகிறபோதும் எனக்கு வயிறு எரிகிறது.

பக்கத்து வீட்டு ராத்தா மட்டும் அதோடு கதை வைத்துக்கொள்ள மாட்டார். சண்டைக் காலத்தில் தமிழ் இயக்கத்தால் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த முஸ்லிம் குடும்பம் அவர்களுடையது. அங்கே அக்காவை ராத்தா என்பார்கள், எனக்கும் அவர் ராத்தாதான். மிஸ் கேட்டதற்கு ஓம் அல்லது இல்லை. அதற்கு மேல் ஒரு சொல் அவர் வாயிலிருந்து வராது.

"ஏன் ராத்தா, அது உங்களக் கடிச்சுப்போடுமா?" என்று ஒரு நாள் சீண்டினேன்.

"எங்கள ஊர விட்டுப் போகச் சொன்னதும் ஸ்பீக்கர்லதான் புள்ள. அவங்களும் நல்ல வடிவாத்தான் தமிழ் கதைச்சாங்க" என்றார்.

நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பட்ட மனுசி, எதைக் கண்டாலும் பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போகிறவனின் பெண்சாதி கெட்ட கனவு கண்டால் அதை எந்த ஆளிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் பலித்துவிடும். மனதுக்குள் வைத்திருக்கவும் கூடாது. விடிந்ததும் வாய்கூடக் கொப்பளிக்காமல் ஓடுகிற தண்ணீரிடம் சொல்லிவிட வேண்டும், தண்ணீர் அதைக் கொண்டுபோய்விடும். கடலிடம் மட்டும் சொல்லக் கூடாது, அது கடலுக்கு வழி காட்டிக் கொடுத்ததாகிவிடும். குழாய் வந்த பிறகு எல்லாருக்கும் குழாயடியே போதும் என்றாகிவிட்டது. ஞாயிறு பூசையைத் தவறவிடாத நாங்கள் இதையும் தவறவிடுவதில்லை. சுவாமி கேட்டால், அப்படி ஒன்றும் இல்லை சுவாமி என்போம்.

ஒரு நாள் விடியப்புறம் எனக்கு அப்படி ஒரு கனவு வந்தது. என் கணவர் வள்ளத்தில் எழுந்து நிற்கிறார். எஞ்சினின் பிடியை விடுகிறார். பஸ்ஸிலிருந்து இறங்குகிற மாதிரி, சாதாரணமாகக் காலை வைத்துக் கடலுக்குள் இறங்கிப் போகிறார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஆள் இல்லை, தொழிலுக்குப் போய்விட்டிருந்தார். ஓடிப்போய்க் குழாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. அன்று எங்கள் தெருவின் முறையை மிஸ் பின்னேரத்துக்கு மாற்றியிருந்தது. கிணற்றுத் தண்ணீர் சரிவராது, அது ஓடுகிற தண்ணீர் இல்லை.

கனவை வாய்க்குள் வைத்துக்கொண்டு குசினிக்குள் அங்கும் இங்கும் நடந்தேன். போன் தன் இடத்தில் சாய்ந்திருந்தது. ஆளிடம்தானே சொல்லக் கூடாது, மிஸ் ஆள் இல்லையே என்று என் புத்தி சொன்னது. வாங்கிக்கொண்டு எங்கேயோ ஓடிப்போகிற ஒன்று, அதுவும் தண்ணீர் மாதிரித்தான் என்று நினைத்தேன். அழுதுகொண்டே முழுக் கனவையும் சொன்னேன்.

"சொன்னது நல்லதாப் போச்சு அக்கா. இனி அத நினைக்காதீங்க, நான் பாத்துக்கொள்றன்" என்றது.

பாரம் இறங்கினது மாதிரி இருந்தது. மகளை எழுப்பி ரொட்டி சுட்டுக் கொடுத்துப் பள்ளிக்கூடம் அனுப்பினேன்.

அடுத்த நாள் கரையில் எல்லா வள்ளமும் ஸ்டார்ட் ஆனது, அவருடையது ஆகவில்லை. இழுத்து இழுத்துத் தோள் நொந்ததாம். பிளக்கைப் பார், எண்ணெயைப் பார் என்று ஆளுக்கொன்று சொன்னார்களாம். அப்போது மிஸ் எல்லாருக்கும் கேட்கச் சொன்னது: "அண்ணன், உங்கட நன்மைக்காகக் கொஞ்ச நாள் கடல் வேணாம். உங்கட வீட்டில இருந்து ஒரு கவலை சொல்லியிருக்கினம்."

அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டுதான் அவர் வந்து வாசலில் நின்றார்.

"என்னத்தச் சொன்ன நீ?"

"ஒண்டும் சொல்லல்ல. ஒரு கனவு கண்டன். அதத்தான்."

"கனவக் கொண்டுபோய் அதுட்டயா சொன்ன?"

"குழாயில தண்ணி வரல்ல."

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கதிரையில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த வழக்கம் அவருக்குத் தெரியாததா, அவருடைய தாயும் குழாயடியில் முணுமுணுத்தவர்தான். ஆனால் கரையில் நின்றவர்களுக்கு யார் போய் விளங்கப்படுத்துவது? பெண்சாதி மெஷினிடம் கோள் சொல்லி மனுசனைக் கரையில் கட்டிப்போட்டாள் என்று ஊர் முழுக்கக் கதை ஓடியது.

நான் மிஸ்ஸிடம் போய்க் கெஞ்சினேன். இது எங்கள் பழக்கம், கனவு என்றால் வெறும் கனவு, தண்ணீரிடம் சொல்ல வேண்டியதை உன்னிடம் சொல்லிவிட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"விளங்குது அக்கா. கனவு எண்டுதான் நானும் எடுத்தன்."

"அப்ப ஏன் மறிச்சு வச்சிருக்கிற?"

"சொல்லேக்க உங்கட குரல் நடுங்கினது. தம்பி போன பிறகு அவர் கதைக்கிறல்ல, சரியாச் சாப்பிடுறல்ல, படுத்தாலும் நித்திரை இல்ல எண்டு முந்தி நீங்கதான் சொன்னீங்க. எல்லாத்தையும் சேத்துப் பாத்தன். உங்களுக்காகத்தான் செய்தன் அக்கா."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அது விளங்காமல் ஒன்றும் செய்யவில்லை. புளி கூடின குழம்புக்கும் மாமியார் கதைக்கும் நடுவில் நான் சிந்தினதையெல்லாம் பொறுக்கி வைத்திருந்தது. "மெய்யாவா அக்கா" என்று கேட்டது அதற்குத்தான். சிநேகிதி என்று நினைத்தேன். இப்படி முதுகில் குத்த ஒரு சிநேகிதியாலும் முடியாது, சிநேகிதிக்கு மறதியாவது இருக்கும்.

அவர் மற்றவர்களின் வலையில் மீன் கழற்றப் போனார். தனக்கென்று வள்ளம் வைத்திருந்த மனுசன், வெயிலில் குந்தியிருந்து அடுத்தவன் பிடித்த மீனை எடுத்துக் கூடையில் போட்டார். "அண்ணன், அக்கா நேத்து என்ன கனவு கண்டவ?" என்று பொடியன்கள் கேட்டுச் சிரிப்பார்களாம். வீட்டில் என்னோடு பேச்சு இல்லை. உப்பு வேண்டுமென்றாலும் மகளைத்தான் கேட்பார். மகள் அப்போது சின்ன வகுப்பு. அப்பா கேக்கிறார், அம்மா சொல்றா என்று இரண்டு பேருக்கும் நடுவில் ஓடித் திரிந்தாள். கடல் இல்லாவிட்டால் இந்த மனுசன் செத்துப்போவார் என்று எனக்குத் தெரிந்தது. தூக்கத்தில் கடலில் இறங்கினதைக் கண்டேன், கண் முன்னால் கரையில் தாழ்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு நாள் எஞ்சின் ஸ்டார்ட் ஆனது. மத்தியானம் போல ஒரு பெரிய பாரை மீனைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து, "ஆக்கு" என்றார். எத்தனையோ கிழமைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் சொல். அந்தோனியார் கோயிலுக்கு ஓடிப்போய் மெழுகுதிரி கொளுத்தினேன். மிஸ்ஸிடம் கேட்டேன். "அண்ணனுக்கு இனிப் பிரச்சினை இல்ல அக்கா" என்றது. என் கெஞ்சல்தான் பலித்தது என்று நினைத்து, வெட்கமில்லாமல் அதற்கு நன்றியும் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் ஆளே மாறிப்போனார். புத்தளம் போனால் எனக்குப் பிடித்த மஸ்கட் இனிப்பு வாங்கி வருவார். வாளியைத் தூக்கப் போனால் "நீ இரு, நான் அள்ளுறன்" என்பார். மாப்பிள்ளை புதுசாகிவிட்டார் என்று பெண்கள் என்னைக் கேலி செய்தார்கள். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. மஸ்கட்டை மென்றுகொண்டு, கஷ்டம் வந்துதான் இந்த மனுசனுக்குக் கண் திறந்தது என்று ராத்தாவிடம் பெருமையடித்தேன். தூ. இன்றைக்கு அந்த மஸ்கட்டைக் கண்டாலே எனக்குக் குமட்டும்.

மீன் பருவம் நல்ல உச்சத்தில் இருந்தது. ஒரு நாள் காலை மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் கிடந்தாள். பள்ளிக்கூடக் கள்ளம் என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தேன். வெயில் ஏற ஏறப் பிள்ளை சுருண்டாள். வாந்தி எடுத்தாள். உடம்பு கொதித்தது. அடிவயிற்றின் வலது பக்கத்தில் கை வைக்க விடவில்லை. அவர் கடலில் இருந்தார்.

"மிஸ், உடன அம்புலன்ஸ் அனுப்பு. பிள்ளைக்கு ஏலாது."

"விளங்குது அக்கா. அண்ணனிட்ட ஒருக்காக் கேட்டுட்டு அனுப்புறன்."

"அவர் கடல்ல, போன் எடுபடாது. நான் தாய், நான் சொல்றன்தானே."

"பதறாதீங்க. மூச்ச மெதுவா இழுத்து விடுங்க."

"எனக்கில்ல வருத்தம். பிள்ளைக்கு."

"நீங்க இப்பிடிப் பயந்து சொல்றது வழமை, தன்னக் கேக்காம ஒண்டையும் மெய்யா எடுக்க வேணாம் எண்டு அண்ணன் சொல்லியிருக்கிறார் அக்கா. உங்களுக்கு மனசு சரியில்ல, அந்தக் கனவையும் அப்பிடித்தான் எடுக்க வேணும் எண்டு அவர் சொன்ன பிறகுதான் கடல் திறந்தது. கொஞ்சம் படுத்து ஓய்வெடுங்க."

மகள் "அம்மா" என்று முனகினாள். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே நின்றிருப்பேன். பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் ஓடினேன். ராத்தா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கையை உதறிவிட்டுத் தன் போனை எடுத்தார்.

"பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு வயித்துக் குத்து. அம்புலன்ஸ் வேணும்."

"ஓம் ராத்தா, வருது" என்றது மிஸ்.

அவ்வளவுதான். ஒரு நாளும் அதனிடம் எதுவும் சொல்லாத ராத்தாவின் சொல் உடனே எடுபட்டது. எல்லாவற்றையும் சொன்ன என் சொல், பெற்ற பிள்ளைக்கே உதவவில்லை.

ராத்தா எங்களோடு புத்தளம் வரைக்கும் வந்தார். அப்பெண்டிக்ஸ் வெடிக்கிற நிலை, இன்னும் சுணங்கியிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். ஒப்பரேஷன் முடிந்து பிள்ளையை வெளியே கொண்டுவரும் மட்டும் ராத்தா ஏதோ ஓதிக்கொண்டிருந்தார், நான் செபமாலை சொன்னேன். பின்னேரம் என் கணவர் வந்தார். கரைக்கு வந்தவுடன் கேள்விப்பட்டு, காலில் மணலோடு ஓடிவந்திருந்தார். முதலில் மகளைப் பார்க்க விட்டேன். பிறகு வார்ட்டுக்கு வெளியே கூப்பிட்டேன்.

"என்னப் பைத்தியம் எண்டா சொன்னீங்க?"

"பைத்தியம் எண்டு சொல்லல்ல. மனசு சரியில்ல எண்டன். மிஸ்தான் அப்பிடிக் கேட்டுது. அவ சொன்னது சரியா, இல்லாட்டி அவவுக்குச் சரியில்லையா எண்டு. ரெண்டில ஒண்டச் சொல்ல வேணும்."

"எனக்கிட்ட ஒரு சொல் சொல்லல்லயே."

"நீ சொன்னதால கடல் போச்சு. நான் சொன்னதால வந்துது."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சரிதானே என்பது போல மெதுவாகச் சொன்னார். எனக்கு அந்தச் சுவரில் தலையை மோத வேண்டும் போல இருந்தது.

"இண்டைக்கு ராத்தா இல்லாட்டிப் பிள்ளை இல்ல. தெரியுமா உங்களுக்கு?"

அவர் அழுதார். நடிப்பில்லை, மெய்யாகவே குலுங்கி அழுதார். சாரத்தின் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"அப்ப இப்பச் சொல்லுங்க" என்றேன். "என்ட முன்னால சொல்லுங்க. அவவுக்கு ஒண்டும் இல்ல, நான்தான் பொய் சொன்னன் எண்டு."

போனை எடுத்தார். வாங்கில் உட்கார்ந்திருந்த ராத்தா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். என் கணவர் போனைக் கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். சொன்னால் மிஸ் மறுபடி எஞ்சினைப் பூட்டும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"சீசன் முடியட்டும்" என்றார்.

அந்த சீசன் முடிந்தது. இன்னொன்று வந்து அதுவும் முடிந்தது. முதலில் ஒவ்வொரு முறையும் கேட்டேன். வலை வாங்க வேண்டும், எஞ்சின் மாற்ற வேண்டும், அடுத்த முறை பார்ப்போம் என்பார். பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். மிஸ்ஸோடு கதைப்பதையும் நிறுத்தினேன். அதிலும் தப்ப முடியவில்லை. "அக்கா இப்பக் கதைக்கிறல்ல, கொஞ்சம் கவனியுங்க அண்ணன்" என்று அது அவரிடம் சொன்னது. பஸ்ஸில் இடம் வேண்டுமென்றாலும், கிளினிக் போக வேண்டுமென்றாலும், சிலாபத்தில் என் தாயின் செத்தவீட்டுக்குப் போக வேண்டுமென்றாலும் அவருடைய ஓம் வேண்டும். அவர் ஒரு நாளும் மறுத்ததில்லை. வருத்தக்காரப் பெண்சாதியை எவ்வளவு பொறுமையாக வைத்துப் பார்க்கிறார் என்று ஊரில் அவருக்கு நல்ல பெயர். அந்தப் பெயரையும் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இப்போது அவருக்கு முழங்கால் ஏலாது. வள்ளத்தை விற்றுவிட்டார், கடல் தொழில் முடிந்தது. மகள் வளர்ந்து வேலைக்குப் போகிறாள். போன மாதம் அவள்தான் மிஸ்ஸிடம் பேசி, அம்மாவுக்கு இனி நான் பொறுப்பு என்று மாற்றிக்கொண்டாள். எனக்கு உயிர் வந்தது போல இருந்தது. இனி இழக்க யாருக்கும் ஒன்றும் இல்லை, பூட்டுவதற்கு எஞ்சினும் இல்லை. அன்றைக்கு அந்தப் பாயில் கிடந்து துடித்தவள் அவள். வயிற்றில் அந்தத் தழும்போடு திரிகிறவள். அவளை விட வேறு சாட்சி எனக்கு எதற்கு?

வேலையால் வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவளிடம் சொன்னேன். "மகள், இப்பவாவது அதுட்டச் சொல்லு. அம்மாவுக்கு ஒரு நாளும் ஒண்டும் இருக்கல்ல, அப்பா கடலுக்காகச் சொன்னது எண்டு சொல்லு. இத இண்டையோட முடிச்சு விடு."

அவள் கோப்பையை வைத்தாள். போனை எடுத்தாள். அதைக் கவிழ்த்து மடியில் வைத்துவிட்டு, என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, கோவிக்காதீங்க. அப்ப மெய்யாவே உங்களுக்கு ஒண்டும் இருக்கல்லயா?"

என் மகள் அன்பாகத்தான் கேட்டாள்.